கையில் ஒரு உருளைக்கிழங்கு

எங்க ஸ்டுடியோவுக்கு யாரு வந்தாலும் நான் சொல்றது ஒண்ணுதான். தாடையைக் கொஞ்சம் தூக்குங்க, ரெண்டு காதும் தெரியணும், சிரிக்காதீங்க, அசையாதீங்க. விசாவுக்கு வர்றவங்க, லைசென்ஸுக்கு வர்றவங்க, புதுசா வேலையில சேர்றவங்க, எல்லாருக்கும் இதே பாட்டுதான். நல்லா சிரிச்ச முகத்தோட உள்ள வர்றவங்களை வெள்ளைத் துணிக்கு முன்னாடி உக்கார வெச்சு, போலீஸ்ல பிடிச்சுட்டுப் போன ஆள் மாதிரி ஆக்கி அனுப்பற பொழப்பு. அதனாலதான், சனிக்கிழமை காலைல ஒரு போட்டோ கிளப் தெருவுல போய் படம் எடுக்குதுன்னு தெரிஞ்சதும் நானும் சேந்துட்டேன். அங்க யாரையும் உக்காரச் சொல்ல வேணாம், நடக்கறவங்களை நடக்கற மாதிரியே எடுக்கலாம். என் வீட்டுக்காரர்கிட்ட நான் சொன்ன காரணம் இதுதான்.

"எங்க போய் எடுப்பீங்க?"ன்னு கேட்டாரு.

"உழவர் சந்தையில."

அவரு ஒரு போட்டோ பிரேமைத் துடைச்சுக்கிட்டிருந்தாரு. துடைக்கறதை நிறுத்திட்டு, "உங்க அக்கா கடை போடற சந்தைதானே?"ன்னாரு.

"அங்க ஊர்ப்பட்ட பேர் கடை போடறாங்க."

"அதுவும் சரிதான்"னு சொல்லிட்டு மறுபடியும் துடைக்க ஆரம்பிச்சுட்டாரு. பேசாம இருந்தே ஆளைக் கொல்ற ரகம் அந்த மனுஷன். வாய்விட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை சொல்லி ஆத்தியிருப்பேன்.

அக்காவும் நானும் பேசறதில்ல. என் பொண்ணுக்கு இப்ப காலேஜ் முடியப் போகுது, அவளுக்கு என்ன வயசோ அத்தனை வருஷமா பேசறதில்ல. அவ வயித்துல இருக்கும்போதுதான் எங்க அம்மாவுக்கு முடியாமப் போச்சு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, மாசக்கணக்கா படுத்திருக்காங்க. நான் வேற ஊர்ல இருந்தேன், வாரா வாரம் போன் பண்ணுவேன். எடுக்கறது அக்காதான். அம்மா தூங்கறாங்க, அம்மா குளிக்கறாங்க, அம்மா நல்லா இருக்காங்க, நீ உடம்பைப் பாத்துக்க. எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம்தான் எனக்குத் தகவல் வந்துச்சு. நிறைமாச வயித்தைத் தூக்கிக்கிட்டு ஓடினேன், ஒண்ணும் மிச்சமில்ல. சொந்தக்காரங்க எல்லாம் அக்கா பக்கம். நிறைமாசக்காரிகிட்ட எப்படிம்மா சொல்றது, ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா யாரு பொறுப்புன்னு என்னைத்தான் சமாதானப்படுத்தினாங்க. அக்கா ஒரு வார்த்தை பேசல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. இனிமே உன் முகத்துல முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்.

அப்புறம் பொழப்பு எங்களை இந்த ஊருக்குக் கொண்டாந்து விட்டுச்சு. அவ தோட்டம் இங்கிருந்து பஸ்ஸுல ஒரு மணி நேரம். சனிக்கிழமை சந்தைக்குக் காய் கொண்டு வர்றான்னு தெரியும். காய் வாங்க நான் அந்தப் பக்கமே போகாம இருந்தேன். ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன். அவளா ஒரு வார்த்தை கூப்பிட்டா போயிடுவேன்னு மனசுக்குள்ள ஒரு நப்பாசை இருந்துக்கிட்டே இருந்துச்சு. அவ கூப்பிடணும், நான் போகக் கூடாது. அதுல மட்டும் நான் விட்டுக் கொடுக்கறதா இல்ல. கேமராவோட போனா அது போனதுல சேராதுன்னு நானே ஒரு கணக்குப் போட்டுக்கிட்டேன்.

கிளப்னா பெரிய கூட்டமெல்லாம் இல்ல. சொல்லிக் கொடுக்கறவரு பத்திரிகையில படம் எடுத்து ஓய்வு பெற்றவரு, மீசை மாஸ்டர்னு எல்லாரும் கூப்பிடுவோம். ஒரு பல் டாக்டர் வருவாரு, சந்தையில அத்தனை மனுஷங்க இருக்க அவரு நாயை மட்டும்தான் எடுப்பாரு. வாயைத் திறந்து காட்டற ஒரே ஜென்மம் அதுதான்னு மாஸ்டர் கிண்டல் பண்ணுவாரு. இன்னும் ரெண்டு மூணு பேர். மாஸ்டரோட சட்டம் ஒண்ணே ஒண்ணு. எடுக்கறதுக்கு முன்னாடி யார்கிட்டயும் பேசக் கூடாது. பேசினா போஸ் குடுப்பாங்க, போஸ் குடுத்தா போச்சு. எனக்கு அந்தச் சட்டம் ரொம்ப வசதியா இருந்துச்சு.

முதல் வாரங்கள்ல நான் அவ பக்கமே போகல. தக்காளிக் கூடை, தேன்கூடு விக்கறவரு, சில்லறைக்குச் சண்டை போடற ஜனம்னு எடுத்துக்கிட்டு இருந்தேன். ஓரக்கண்ணால மட்டும் பாத்து வெச்சுக்கிட்டேன். கடைசி வரிசையில மூணாவது மேசை. உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பீட்ரூட். காதோரம் எல்லாம் நரைச்சுப் போய் அம்மா மாதிரியே ஆயிட்டா. அத்தான் வண்டியில கொண்டு வந்து இறக்கிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பிப் போயிடுவாரு. பொழுதன்னைக்கும் தனியாத்தான் நிப்பா.

அப்புறம் ஒரு வாரம் மாஸ்டர் ஒரு பயிற்சி குடுத்தாரு. ஷட்டரைக் கால் செகண்டுக்கு வெச்சுக்கணும். கேமராவை ஆடாம எது மேலயாவது சாய்ச்சு வெச்சு, அசையாம நிக்கற ஒரே ஒரு ஆளைத் தேடிப் பிடிக்கணும். அப்படி எடுத்தா சந்தை முழுக்கக் கலைஞ்சு ஓடற மாதிரி விழும், அந்த ஒரு ஆள் மட்டும் செதுக்கி வெச்ச மாதிரி நிப்பாங்க. சந்தையில அசையாம நிக்கறது யாரு? வாங்கறவங்க நிக்க மாட்டாங்க. விக்கறவங்கள்லயும் ஆளுக்கொரு பக்கம் கூவிக்கிட்டே இருப்பாங்க. கூவாம நிக்கறவ எங்க அக்கா ஒருத்திதான். சின்ன வயசுலேயே அவ அப்படித்தான், அழுத்தக்காரி.

அவ மேசைக்கு எதிர்ல முட்டைக்காரம்மாவோட வண்டி நிக்கும். அதுக்குப் பின்னாடி போய் நின்னு, வண்டிப் பலகை மேல கேமராவை வெச்சு எடுத்தேன். முட்டைக்காரம்மா, "என்னங்க, என் வண்டிக்கு காவல் நிக்கறீங்களா?"ன்னு கேட்டாங்க. பேசாதீங்கம்மான்னு கை காமிச்சேன்.

டீக்கடையில உக்காந்து மாஸ்டர் எல்லார் படத்தையும் பாத்தாரு. என்னோடதைப் பாத்துட்டு, "அருமையா வந்திருக்க வேண்டியது. இடது கை அசைஞ்சுடுச்சு. இன்னும் கொஞ்சம் பொறுமையா எடுத்திருக்கணும்"னாரு. அடுத்த வாரமும் போனேன். நிறைய எடுத்தேன். அதுலயும் அதே குறை. முகம் பளிச்சுன்னு இருக்கு, இடது கை மட்டும் கரைஞ்சு போயிருக்கு. "ஒண்ணு நீங்க அவசரப்படறீங்க, இல்ல வண்டி ஆடுது"ன்னாரு மாஸ்டர். எனக்கு மூக்கு மேல கோவம் வந்துச்சு. அத்தனை வருஷம் ஸ்டுடியோவுல நின்னவகிட்ட வந்து ஆடுது அசையுதுன்னா எப்படி? வண்டியில ஏதோ கோளாறுன்னு முட்டைக்காரம்மா மேல பழியைப் போட்டேன். அவங்க வண்டியில நாள் முழுக்க ஒரு முட்டை உருண்டதில்ல.

மூணாவது வாரம் படம் விழுந்துச்சு. கூட்டம் ரெண்டு பக்கமும் தண்ணி மாதிரி ஓடுது, நடுவுல அவ நிக்கறா. கண்ணு, மூக்கு, காதோர நரைமுடி, தராசு, எல்லாம் துல்லியம். இடது கையில ஒரு உருளைக்கிழங்கைப் பிடிச்சிருக்கா, அந்த விரல் நகம் வரைக்கும் எண்ணலாம். மாஸ்டர் ரொம்ப நேரம் பாத்தாரு. "இதுதாங்க படம். லைப்ரரி ஹால்ல மாட்டறோம்"னாரு. பல் டாக்டர் நாயை விட்டுட்டு வந்து எட்டிப் பாத்தாரு. எனக்குத் தலைகால் புரியல.

பெரிய சைஸ்ல பிரிண்ட் போட்டுக் கடையில மேசை மேல விரிச்சு ஓரம் வெட்டிக்கிட்டிருந்தேன். வீட்டுக்காரர் பக்கத்துல வந்து நின்னாரு. அவரு அக்காவைப் பாத்தும் அத்தனை வருஷம் ஆகுது.

"நல்லா இளைச்சுட்டாங்க"ன்னாரு. அப்புறம், "அந்தக் கிழங்கை எதுக்குப் பிடிச்சுட்டு நிக்கறாங்க?"ன்னு கேட்டாரு.

"விக்கறவங்க கையில காய் இல்லாம கத்திரிக்கோலா இருக்கும்?"

"இல்ல, கம்ப்யூட்டர்ல பாத்தேன், அன்னைக்கு எடுத்த எல்லாப் படத்துலயும் பிடிச்சிருக்காங்களேன்னு கேட்டேன்."

அவரு பாட்டுக்குச் சொல்லிட்டுப் போயிட்டாரு. நான் கம்ப்யூட்டர்ல போய் உக்காந்து அன்னைக்கு எடுத்ததை எல்லாம் ஒவ்வொண்ணா தள்ளிப் பாத்தேன். வலது கையால எடை போடறா, இடது கையில கிழங்கு. ஒரு அம்மாகிட்ட பேசிக்கிட்டிருக்கா, இடது கையில கிழங்கு. யாருமே இல்லாதப்பவும் சும்மா நிக்கறா, கிழங்கு அப்படியே இருக்கு. பிடிச்சிருக்கற பிடியும் சும்மா பிடிச்ச பிடி இல்ல, விரல் முட்டி எல்லாம் வெளுத்துப் போயிருக்கு. எனக்குச் சுருக்குன்னுச்சு.

பாழாப் போச்சுன்னு ஒதுக்கி வெச்ச முதல் ரெண்டு வாரத்துப் படங்களைத் திறந்தேன். வண்டி ஆடியிருந்தா மேசை ஆடியிருக்கணும். மேசை ஓரம் கோடு போட்ட மாதிரி இருக்கு. தராசுல எரியற நம்பரைப் படிக்க முடியுது. சேலைக்கு மேல போட்டிருக்கற சட்டையோட கை மடிப்பு வரைக்கும் தெளிவு. அதுக்குக் கீழ மணிக்கட்டுல இருந்து விரல் வரைக்கும்தான் புகை மாதிரி கலைஞ்சிருக்கு. மேசை மேல சும்மா வெச்சிருக்கற கை. ஒரு படத்துல இல்ல, எல்லாத்துலயும்.

போன வருஷம் ஒரு பெரியவர் பென்ஷன் அட்டைக்குப் படம் எடுக்க வந்தாரு. மடியில வெச்சிருந்த அவரு கை ஆடிக்கிட்டே இருந்துச்சு, அந்த ஆட்டத்துல தோளும் ஆடுச்சு. நான் வழக்கம் போல அசையாதீங்கன்னேன். அவரு கோவிச்சுக்கல. "நான் அசைக்கலம்மா, அதுவா அசையுது. மூளையில ஏதோ சொரப்பு குறைஞ்சு போச்சாம், வர வர அதிகமாகும்னு சொல்லியிருக்காங்க"ன்னாரு. அவரு அன்னைக்கு அப்புறம் எனக்கு ஞாபகத்துக்கே வந்ததில்ல. இப்ப அந்தக் கை கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு.

முதல்ல வந்தது அழுகை. அது அடங்கறதுக்குள்ள கோவம் வந்துடுச்சு. அம்மா விஷயத்துல மூடி மறைச்சா, இப்ப தன் விஷயத்துலயும் அதையே பண்றா. இவளும் ஒரு நாள் படுத்துடுவா, எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம் எனக்கு ஒரு போன் வரும். அத்தானோ யாரோ பேசுவாங்க. நானும் ஓடுவேன். இந்தத் தடவை அது நடக்கக் கூடாதுன்னு ஒண்ணே ஒண்ணுதான் எனக்குத் தோணுச்சு. யாரு முதல்ல பேசறதுங்கற வீம்பெல்லாம் அந்த நாற்காலியிலேயே போச்சு.

சனிக்கிழமை கிளப் ஆளுங்களோட சேரல. நேரா அவ மேசைக்குப் போனேன். ஒரு அம்மா கேரட் வாங்கிட்டு நகந்தாங்க. அடுத்தது நான்.

அக்கா நிமிந்து பாத்தா. கண்ணு ஒரு நொடி விரிஞ்சுச்சு, அவ்வளவுதான். "என்ன வேணும்?"னா, யாரோ ஒருத்தரைக் கேக்கற மாதிரி.

"கையில இருக்கறதைக் கீழ வை."

"எதை?"

"கிழங்கைக் கீழ வை, அக்கா."

அவ வைக்கல. என்னைப் பாத்துக்கிட்டே நின்னா. நானும் நகரல. பின்னாடி ஒருத்தர் கூடையோட வந்து நின்னுட்டு, எங்க மூஞ்சியைப் பாத்து என்ன தோணுச்சோ, அடுத்த மேசைக்குப் போயிட்டாரு. கடைசியில அக்கா கிழங்கைக் குவியல் மேல வெச்சா. வெறும் கையை மேசையில வெச்சா. கொஞ்ச நேரம் சும்மா இருந்துச்சு. அப்புறம் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டற மாதிரி ஆட ஆரம்பிச்சுது, அப்படியே கை முழுக்க ஆடுச்சு.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"டாக்டர்?"

"பாத்தாச்சு. மாத்திரை சாப்பிடறேன். இது நிக்காது, மெதுவா அதிகமாகும்னு சொல்லியிருக்காரு. சட்டை ஜோப்புல விட்டா ஜோப்பு ஆடுது. எதையாவது இறுக்கிப் பிடிச்சாதான் கொஞ்சம் அடங்குது."

"அத்தானுக்குத் தெரியுமா?"

"தெரியும். தெரியாத மாதிரி இருக்காரு. நல்ல மனுஷன்."

"முதல் ரெண்டு வாரம் நீ எதையும் பிடிக்கல. அப்புறம் ஏன் பிடிச்சே?"

அக்கா எதிர்ல இருந்த முட்டை வண்டியைத் தாடையால காமிச்சா. "ரெண்டாவது வாரமே உன்னைப் பாத்துட்டேன். சின்னப் பிள்ளையில கண்ணாமூச்சி ஆடும்போதே உனக்கு ஒளியத் தெரியாது, முதுகு வெளிய தெரியும். இப்பவும் அப்படித்தான். சரி, என் தங்கச்சி படம் எடுக்கறா, கை ஆடினா படம் கெட்டுடும்னு பிடிச்சுட்டு நின்னேன். படம் நல்லா வந்துச்சா?"

"லைப்ரரியில மாட்டப் போறாங்க."

"கிழங்கோடயா?"

"கிழங்கோடதான்."

"மாட்டட்டும்"னா. சிரிக்க வந்த மாதிரி இருந்துச்சு, ஆனா சிரிக்கல.

என்னால அதுக்கு மேல முடியல. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துடுச்சு. நான் மேசையைச் சுத்திக்கிட்டு அவ பக்கம் போனேன். அவ வலது கையை நீட்டித் தடுத்தா.

"இங்க பாரு. பரிதாபப்பட வந்திருந்தா இப்பவே போயிடு. எனக்கு அது வேணாம், அதைக் குடுக்க ஊர்ல நிறைய பேர் இருக்காங்க. சண்டை போட வந்திருந்தா இரு."

நான் இருந்தேன். இத்தனை வருஷம் சேத்து வெச்சது எல்லாத்தையும் கொட்டினேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அம்மா குரலைக் கேக்க விட்டியாடின்னேன். அக்காவை நான் 'டி' போட்டுப் பேசினது அன்னைக்குத்தான். நடுவுல ஆள் வரும், அக்கா எடை போடுவா. பிளாஸ்டிக் பை வாயைப் பிரிக்க அவளுக்கு வரல, ஒட்டிக்கிட்டிருக்கற ரெண்டு பக்கத்தையும் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தா. நான் பிடுங்கிப் பிரிச்சுக் குடுத்தேன். ஆள் போனதும் விட்ட இடத்துல இருந்து தொடங்குவேன். பீன்ஸ் இளசான்னு ஒருத்தர் கேட்டாரு. காலைல பறிச்சதுன்னு அக்கா சொன்னா. அவரு போற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

"நிறைமாசம் நிறைமாசம்னு எல்லாரும் சொன்னாங்களே, நீ ஏன் வாயைத் திறக்கல? அதுதான் காரணம்னு நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அது காரணம் இல்ல. அது சாக்கு."

நான் அவளைப் பாத்தேன். அவ காயைப் பாத்துக்கிட்டே பேசினா.

"ஒவ்வொரு வாரமும் உன்கிட்ட சொல்லணும்னுதான் போனை எடுப்பேன். அம்மா பிழைக்க மாட்டாங்கன்னு டாக்டர் சொன்னாரு, நான் நம்பல. உங்க அத்தான் சொன்னாரு, நம்பல. ஆனா உன்கிட்ட சொல்லி, நீ அந்த வயித்தோட வந்து வாசல்ல இறங்கிட்டா நம்பித்தான் ஆகணும். நீ வராத வரைக்கும் அம்மாவுக்குச் சரியாயிடும்னு ஒரு எண்ணம். அதனால சொல்லல. உனக்காக எல்லாம் இல்ல. எனக்காகத்தான்."

மேசை மேல அவ கை ஆடிக்கிட்டே இருந்துச்சு. அவ அதை மறைக்கல. குவியல்ல கிழங்கு எட்டற தூரத்துலதான் இருந்துச்சு, எடுக்கல.

"இதுலயும் அப்படியேதான் ஓட்டிக்கிட்டிருந்தேன். உனக்குத் தெரியாத வரைக்கும் ஒண்ணுமில்லன்னு" சொல்லிட்டு நிறுத்தினா. அப்புறம்தான் என்னை நேரா பாத்தா. அவ அழுது நான் பாத்ததில்ல, அம்மா போனப்பவும் பாத்ததில்ல.

"இப்ப நீ வந்துட்டே"ன்னா.

ஒரு அம்மா வந்து ரெண்டு கிலோ பீட்ரூட் கேட்டாங்க. அக்கா முகத்தைத் திருப்பிக்கிட்டா. நான்தான் எடை போட்டேன்.